குட்டி யானையில் போன கடல்

வாடகை வீட்டில் வளர்ந்த ஆளா நீங்க? அப்ப கை குடுங்க பாஸ்... நாம ஒரே கட்சி!

11 மாச அக்ரிமென்ட், அட்வான்ஸில் பெயின்ட்டுக்குப் பிடிக்கிற காசு, 'பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வீடு தேவைப்படுது' என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நிற்கும் ஹவுஸ் ஓனர்... எல்லாமே உங்களுக்கும் அத்துப்படியாகத்தான் இருக்கும். கட்டிலைக் கழற்றி, பாத்திரத்தைச் சாக்கில் கட்டி, டி.வி-யைப் போர்வையில் சுற்றி, துளசிச் செடியை அம்மா மடியில் வைத்தால் போதும். ஒரு குடும்பத்தையே அரை நாளில் லாரியில் ஏத்திடலாம். எங்க வீட்டுக்கு இது அஞ்சாவது ஷிஃப்டிங். சென்னையின் வடக்கே இருக்கும் பெரம்பூரில் இருந்து, தெற்கே இருக்கும் மேடவாக்கத்துக்கு.

ஆனா, இந்தத் தடவை லிஸ்ட்டில் ஒரு புது ஐட்டம் இருந்துச்சு. கடல்!

ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத்தில் ஒரு உப்புத் தண்ணித் தொட்டி. கப்பி மீன், கோல்டு ஃபிஷ் வளர்க்கிற சமாசாரம் இல்லை இது. உள்ளே பாறை, மணல், அலை அடிக்க ஒரு குட்டி மோட்டார் எல்லாம் உண்டு. குடியிருப்பவர்கள் விவரம்: ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் 2 ('ஃபைண்டிங் நீமோ' ஹீரோவேதான்), மீன் மேல் ஏறி அழுக்கு எடுக்கும் இறால் 1, நத்தை 5, காலிச் சங்குக்குள் புகுந்து குடித்தனம் நடத்தும் துறவி நண்டு 3.

மீன்களுக்குப் பேர் வெச்சது தாத்தா. பெரிசு கணேசன், சின்னது பாலாஜி. இங்கேதான் ஒரு மேட்டர். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் எது பெரிசோ அது பெண்ணாக மாறிடும். அடுத்த பெரிசு அதுக்குப் புருஷன். அந்தப் பெண் செத்துப்போனா, புருஷன்காரர் பெண்ணாக மாறி பதவியேற்பார். ஆக, எங்க கணேசன் ஒரு லேடி! விஷயத்தைச் சொல்லி, "பேரை மாத்திடலாமா தாத்தா?" என்றால், "ரேஷன் கார்டுல ஏறிடுச்சு. விடுடா" என்கிறார் கூலாக.

ஐ.சி.எஃப்-பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் தாத்தா. பாட்டி போன பிறகு அதிகம் பேசறதில்லை. சாயங்காலம் 5 மணிக்குத் தொட்டி லைட் எரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், 7 மணி வரைக்கும் அசைய மாட்டார். வீடு மாறணும்னு முடிவானதும், "இதை யாருக்காவது குடுத்துடலாமே" என்றார் அப்பா. தாத்தா பதில் சொல்லலை. எழுந்து போய் மீனுக்குச் சாப்பாடு போட்டார். அதுவும் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாடி. அப்பா அந்தப் பேச்சை அதோட விட்டுட்டார்.

ஸோ, கடலைக் கிளப்பியே ஆகணும். பொறுப்பு? வேற யாரு... வீட்டில் வெட்டியாக இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயர்தான்!

மீன் உண்டா... வீடு இல்லை!

முதல் பிரச்னையே வீடு பார்க்கிறதில் ஆரம்பிச்சது. "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்றார் ஒரு ஓனர். "சமைக்கிறதை நிறுத்திக்கறோம் சார்" என்று அம்மா பெரிய தியாகம் பண்ணினாங்க. நான் சும்மா இருக்காம, "மீன் மட்டும் இருக்கும் சார்" என்று தொட்டியைப் பத்திச் சொல்ல வாயெடுத்தேன். 'மீன்' வரைக்கும்தான் அவர் காதில் விழுந்துச்சு. கதவு சாத்தும் சத்தம் எங்க காதில் விழுந்துச்சு!

இன்னொருத்தர் நியாயமாகவே கேட்டார். "தம்பி, மாடி தாங்குமா?" இதுக்கு என்கிட்ட கணக்கு ரெடி. ஒரு லிட்டர் கடல் தண்ணியின் எடை 1 கிலோ 25 கிராம். தொட்டியில் சுமார் 60 லிட்டர். கண்ணாடி, பாறை, மணல் எல்லாம் சேர்த்தால் 90 கிலோ சுற்றி வரும். துணி அடைச்ச ஸ்டீல் பீரோவைவிடக் கனமெல்லாம் இல்லை. சுவரை ஒட்டி வெச்சா கவலையே வேணாம். பேப்பரில் எழுதியே காட்டினேன். வீடு ஓ.கே ஆச்சு. ரெண்டாவது மாடி... லிஃப்ட் கிடையாது!

இதே கணக்கு இன்னொண்ணையும் சொல்லிச்சு. தண்ணியோட தொட்டியைத் தூக்கவே கூடாது. எடை மட்டும் இல்லை காரணம். தூக்கும்போது கண்ணாடி லேசாக முறுக்கும். மூலைகளில் இருக்கும் சிலிக்கான் பசைக்கு அந்த முறுக்கல் ஆகாது. எங்கேயோ ஒரு மயிரிழை விட்டுப்போனா, புது வீட்டு ஹாலில் அலை அடிக்கும்.

பவளம் எங்கே பாஸ்?

'ரீஃப் டேங்க்னு சொல்றே, பவளத்தையே காணோமே?' என்று கேட்கிறீங்களா? என் கிளாஸ்மேட்ஸும் கேட்டாங்க. இருக்காது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் எல்லாத்தையும் 2001-ல் சேர்த்துட்டாங்க. புலி இருக்கிற அதே அட்டவணை! கடல் குதிரையும் அதில்தான் இருக்கு. 'மன்னார் வளைகுடா பீஸ், ஒரிஜினல்' என்று யாராவது காதில் கிசுகிசுத்தா, புலிக்குட்டியை விலை பேசற மாதிரி நினைச்சுக்கங்க.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லலை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அதில் 2 தீவுகள் இப்போ தண்ணிக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் பல வருஷம் வெட்டி எடுத்தது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். அலையைத் தடுத்து நிறுத்துற மதில் சுவர்தானே பவளப் பாறை? சுவரை எடுத்துட்டா வீடு எப்படி நிக்கும்?

அதனால் எங்க தொட்டியில் இருக்கிறது பீங்கான் மாதிரி சுட்டுச் செய்த செயற்கைப் பாறை. உடம்பெல்லாம் பொடிப் பொடி ஓட்டை. மீன்களும் கடலில் பிடிச்சவை இல்லை, பண்ணையில் பிறந்தவை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கும் தொழில்நுட்பத்தை நம்ம மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கு. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது கொளத்தூரில், சென்னையின் அலங்கார மீன் தலைநகரில், ஒரு ஜோடியாக வாங்கினது. அப்போ கட்டைவிரல் நகம் சைஸ்தான் இருந்துச்சு.

தண்ணியை எடுத்துட்டுப் போனா போதுமா?

"பழைய தண்ணி முழுசையும் கொண்டுபோயிடு மச்சான். மீனுக்கு அதுதானே பழகிப்போச்சு" என்பதுதான் நான் கேட்ட எல்லாரும் சொன்ன அட்வைஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனா, தொட்டியின் உயிர் தண்ணியில் இல்லை.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியே வரும். மிச்ச சாப்பாடு அழுகினாலும் அம்மோனியாதான். கடலில் அது கரைஞ்சு காணாமப் போயிடும். 60 லிட்டரில் எங்கே போகும்? ஒரு வகை பாக்டீரியா அந்த அம்மோனியாவைத் தின்னு நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட் ஆக்கும். முதல் ரெண்டும் விஷம். மூணாவது அளவோடு இருந்தா மீனுக்குத் தொந்தரவு இல்லை. இந்த பாக்டீரியாக்கள் தண்ணியில் மிதக்கிறது ரொம்பக் கொஞ்சம். பாறையின் ஓட்டைக்குள்ளேயும் ஃபில்டர்ல இருக்கும் பீங்கான் வளையங்களிலும்தான் வழவழன்னு ஒட்டிக்கிட்டுக் குடியிருக்கும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

அதாவது, நான் மேடவாக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டியது கண்ணுக்கே தெரியாத இந்தக் கூட்டத்தை. தண்ணியைக்கூடப் புதுசாகக் கலந்துக்கலாம், பாறை மட்டும் காயக் கூடாது. காற்று புகாமல் மூடினாலும் அதுங்களுக்கு மூச்சு முட்டும். 'அழுக்கா இருக்கே' என்று குழாய்த் தண்ணியில் கழுவினா... குளோரின் மொத்தக் குடித்தனத்தையும் காலி பண்ணிடும். மீன் அன்னிக்குச் சாகாது. நாலஞ்சு நாள் கழிச்சு, 'நல்லாத்தானே இருந்துச்சு!' என்று நாம் தலையைச் சொறியும்போது சாகும். வீடு மாறின நிறையத் தொட்டிகளின் கதை இப்படித்தான் முடியும்.

ராகு காலமும் ரசமட்டமும்

வெள்ளிக்கிழமை விடியற்காலை பால் காய்ச்சியாச்சு. சாமான் ஏத்தறது ஞாயிறு. "சாயங்காலம் நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள எல்லாம் வீட்டுக்குள்ள வந்துடணும்" என்று அம்மா கட் அண்டு ரைட்டாகச் சொல்லிட்டாங்க. மீனுக்கும் சேர்த்துத்தான்!

சனிக்கிழமையே ஒரு நீல டிரம்மோடு புது வீட்டுக்குப் போயிட்டேன். ஆர்.ஓ கேன் தண்ணி 40 லிட்டர். அதில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கணக்கில் கடல் மீனுக்கான உப்பு. (சமையல் உப்பு செல்லாது பாஸ். கால்சியம், மக்னீசியம் எல்லாம் வேணும். 'மெரினாவில் ரெண்டு குடம் மொண்டுட்டு வாயேன்' என்கிறவங்களுக்கு... கூவமும் அடையாறும் எங்கே போய்ச் சேருதுன்னு யோசிங்க!) ராத்திரி முழுக்க மோட்டார் போட்டுக் கலக்க விட்டேன். மீன்களுக்கு அன்னிக்கு விரதம். வயிறு காலியாக இருந்தா பக்கெட் தண்ணி சீக்கிரம் கெடாது.

ஞாயிறு காலை லாரியில் பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. தொட்டிக்குத் தனியாக ஒரு 'குட்டி யானை'. காலி பண்ணும்போது கடைசி, குடியேறும்போது முதல்... இதுதான் நான் போட்ட ரூல்.

பதினொன்றரைக்கு ஆரம்பிச்சேன். முதலில் தெளிந்த தண்ணியை ட்யூப் வெச்சு கேனில் இறக்கியாச்சு. மணலைக் கிளறின பிறகு எடுத்தா அடியில் இருக்கும் குப்பையும் சேர்ந்து வந்துடும். அடுத்து பாறைகள். தண்ணி நிரப்பின மூடி போட்ட பக்கெட்டுகளில், முழுசாக முங்கும்படி. ஃபில்டர் வளையங்களும் அதோட. பாறை மேல் மூணு வருஷமாகப் படர்ந்த ஊதா நிறப் பாசி, வெயிலில் காயவிட்டா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துடும். அதனால ஒவ்வொண்ணையும் எடுத்த வேகத்தில் முக்கினேன்.

மீன் பிடிக்கிறதைக் கடைசிக்கு முன்னாடி வெச்சது ஏன் தெரியுமா? பாறை இருக்கும்போது வலையோடு துரத்தினா, அது ஓடும், ஒளியும், பயத்திலேயே பாதி உயிர் போயிடும். பாறையை எடுத்துட்டுத் தண்ணியை நாலு விரல் ஆழத்துக்கு இறக்கினா, ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மெதுவாக மொண்டுடலாம். நம்ம ஹவுஸ் ஓனர்கள் டெக்னிக்தான். வீட்டைக் காலி பண்ணுங்க, குடியிருக்கிறவன் தானாக வெளியே வருவான்! பாலாஜி சமர்த்தாக வந்துட்டார். கணேசன் என் விரலைக் கடிச்சுட்டுத்தான் வந்தாங்க.

மணலைக் கொண்டுபோகலை. அடியில் கறுத்துக் கிடந்த மணலைக் கிளறினதும் அழுகின முட்டை வாசனை. ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது மீனுக்கு ஆகாது. புது மணல் அலசி ரெடியாக இருந்துச்சு.

மே மாச வெயில். மீன் பக்கெட்டைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வெச்சு, பக்கத்தில் நியூஸ் பேப்பர் சுத்தின ஐஸ் பாட்டில். பேட்டரி ஏர் பம்ப் 'டுர்ர்ர்...' என்று குமிழ் விட்டுக்கிட்டு இருந்துச்சு. தாத்தாவுக்குக் காரில் இடம் வெச்சிருந்தோம். அவர் பேசாம குட்டி யானையில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துட்டார். நான் பின்னாடி, பக்கெட்டுகளோடு. ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் முன்னாடி இருந்து தாத்தா குரல் மட்டும் கேட்கும்... "தம்பி, மெள்ள... மெள்ள..." பாட்டி போன பிறகு அவர் ஒரே நாளில் அவ்வளவு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

ரெண்டரைக்கு மேடவாக்கம். மூணேகாலுக்குள் எல்லாப் பக்கெட்டும் ரெண்டாவது மாடி ஏறியாச்சு. ராகு காலத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி. அம்மா ஹேப்பி! மூணு நாற்பதுக்கு... கரன்ட் கட்!

ஃபேன் இல்லை, லைட் இல்லை, மோட்டார் இல்லை. பேட்டரி பம்ப் மட்டும் ஓடுது. கரன்ட் இல்லாமலே செய்ய முடிகிற வேலையைச் செய்வோம்னு ஸ்டாண்டை நிறுத்தினேன். அப்போ தாத்தா தன் பழைய டூல் பெட்டியைத் திறந்து ஒரு ரசமட்டத்தை எடுத்துட்டு வந்தார். ஐ.சி.எஃப் காலத்துப் பொருள். மரச் சட்டத்தின் மூலையெல்லாம் தேய்ஞ்சு போயிருந்துச்சு. ஸ்டாண்டு மேல் வெச்சுப் பார்த்தா, குமிழ் வலது பக்கம் ஓடுது. தரை சரிவு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவுக்கு, தண்ணி எடை ஒரு பக்கக் கண்ணாடியையே போட்டு அழுத்தும். தாத்தா மரச் சில்லு சீவி ஒரு காலுக்கு அடியில் செருகினார். பார்த்தார். எடுத்து இன்னும் கொஞ்சம் சீவினார். குமிழ் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் விடலை. அப்புறம் ஸ்டாண்டு மேல் தெர்மாகோல் ஷீட், அது மேல் தொட்டி.

கரன்ட் வர அஞ்சு பத்து ஆச்சு. அதுக்குள்ள மணல், பாறை, பாதி பழைய தண்ணி, பாதி புதுத் தண்ணி உள்ளே போயாச்சு. உப்பின் அடர்த்தி 1.025, சூடு 27 டிகிரி... ரெண்டும் பழைய வீட்டில் இருந்த அதே அளவு. மோட்டார் சுத்தினதும் கலங்கல் மெள்ள அடங்கிச்சு. இறாலுக்கு உப்பில் சின்ன மாற்றம்கூடப் பிடிக்காது. அதனால் மெல்லிய ட்யூபில் முடிச்சு போட்டு, தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக அதன் பக்கெட்டில் இறக்கினேன், ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு எல்லாரும் உள்ளே. ஹாலில் டி.வி-க்கு இன்னும் இடம் முடிவாகலை. ஆனா, தாத்தா நாற்காலிக்கு முடிவாயிடுச்சு!

ஒரு வாரம்

'அவ்வளவுதானே?' என்று கிளம்பிடாதீங்க. நிஜமான டென்ஷன் அப்புறம்தான். ஷிஃப்டிங்கில் கொஞ்சம் பாக்டீரியா செத்திருக்கும். எவ்வளவு என்று மீன் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டெஸ்ட் பண்ணணும். ரெண்டாவது நாள் அம்மோனியா டெஸ்ட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணி லேசாகப் பச்சை. 0.25 பி.பி.எம்! எடுத்து வெச்சிருந்த உப்புத் தண்ணியில் 10 லிட்டர் மாத்தினேன். சாப்பாடு கால் பங்காகக் குறைஞ்சது. தாத்தாவுக்கு அதில் வருத்தம்தான். "பசிக்கும்டா" என்றார். "பசி தாங்கும் தாத்தா. அம்மோனியாதான் தாங்காது" என்றேன். டப்பாவை என் கையிலேயே குடுத்துட்டார்.

மூணாம் நாளும் பச்சை. நாலாம் நாள், பச்சையா மஞ்சளா என்று நானும் தாத்தாவும் ட்யூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு விவாதம் நடத்தினோம். அஞ்சாம் நாள் சந்தேகமே இல்லாத மஞ்சள். ஜீரோ. பெரம்பூரில் இருந்து பாறைக்குள் ஒளிஞ்சு வந்த கூட்டம் மேடவாக்கத்தில் டியூட்டிக்கு வந்துடுச்சு! அன்னிக்கு சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைத் தாத்தாகிட்டத் திருப்பிக் குடுத்தேன்.

உங்க வீட்டிலும் ஒரு தொட்டி இருந்து, ஹவுஸ் ஓனர் வாசல்ல நின்னா பதறாதீங்க. தண்ணியைப் புதுசா கலந்துக்கலாம். மணல் கடையில் கிடைக்கும். கண்ணாடிகூட வேற வாங்கிக்கலாம். பாறையையும் ஃபில்டருக்குள் இருக்கிறதையும் மட்டும் காயவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க. மீதியை அதுங்க பார்த்துக்கும்.

இப்போ தொட்டியில் எல்லாரும் சௌக்கியம். பாலாஜி இன்னமும் கணேசனைக் கண்டா உடம்பை நடுக்கிக் கும்பிடு போடுறார். ஒரே ஒரு மாற்றம்தான். போன வாரம் பார்க்கிறேன், துறவி நண்டுகளில் ஒருத்தர் பழைய சங்கைக் காலி பண்ணிட்டு, நான் மணலில் போட்டு வெச்சிருந்த பெரிய சங்குக்குள் குடிபோயிருக்கார். அட்வான்ஸ் இல்லை, புரோக்கர் கமிஷன் இல்லை, ராகு காலம்கூடப் பார்க்கலை.

குடுத்து வெச்சவர்!